படத்தைப் பெரிதாக்கினேன், தண்ணீர் நின்றுவிட்டது

அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு நான் செய்த ஒரு முட்டாள்தனத்தில் இருந்து தொடங்குகிறேன். இடையில் கொஞ்சம் தொழில்நுட்பம் வரும். பயப்படாதீர்கள், கணக்கெல்லாம் ஆறாம் வகுப்புப் பெருக்கல்தான்.

எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் ஓர் அமிகா 500 கணினியும் பத்துப் பதினைந்து ஃப்ளொப்பிகளும். அமிகாவைச் செய்த கொமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் திவாலானது. அதற்கு அடுத்த வருடம் ஜேர்மனியின் பழைய சாமான் சந்தைகளில் அந்தக் கணினிகள் சைக்கிள் விலைக்குக் கிடைத்தன. அப்பா ஒன்றை வாங்கி வந்தார். நானும் அக்காவும் விளையாடுவதற்குத்தான் என்று சொன்னார். ஆனால் இரவு உணவகத்து வேலை முடிந்து வந்து, நாங்கள் படுத்த பிறகு, அவரே அதற்கு முன்னால் உட்கார்ந்து படம் வரைவார். டீலக்ஸ் பெயிண்ட் என்று ஒரு மென்பொருள். மவுசைப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியாக.

அவர் வரைந்தது தொண்டைமானாற்றங்கரையில் இருந்த தன் வீட்டை. கூரை, வேலி, இரண்டு பனை, பின்னால் ஆறு. அந்த வீட்டின் புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. வீடும் இப்போது இல்லை. ஆகவே அந்த வீட்டுக்கு இந்த உலகத்தில் இருக்கும் ஒரே படம் அந்த ஃப்ளொப்பிக்குள் இருந்தது.

பழைய கசெற், ஃப்ளொப்பி எல்லாவற்றையும் மாற்றித் தரும் ஒரு கடையில் கொடுத்தேன். ஜேபெக் கோப்புகளாகத் திரும்பி வந்தன. வீட்டுப் படம் சின்னதாக, கட்டம் கட்டமாக இருந்தது. இந்தக் காலத்தில் அதற்கா வழியில்லை? ஏஐ மென்பொருள் ஒன்றில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் வழுவழுப்பான பெரிய படம் வந்தது. பனையோலையில் நரம்பு தெரிகிறது, கூரையில் வைக்கோல் தெரிகிறது. கன்வஸில் அச்சடித்து, சட்டம் போட்டு, கேக் வெட்டிய பிறகு திரையை விலக்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"தண்ணி ஏன் ஓடேல்ல?"

"எந்தத் தண்ணி அப்பா?"

"ஆத்துத் தண்ணி. நான் ஓட விட்டனான்."

கன்வஸில் தண்ணீர் எப்படி ஓடும் என்று அம்மா சிரித்தா. நானும் சிரித்தேன். அன்று இரவு படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் சொன்னது சரி. சின்ன வயதில் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஓடியது.

பொறியியலில் முதுகலை முடித்து, பழைய தரவைப் புதிய இடத்துக்கு எப்படிப் பத்திரமாக மாற்றுவது என்று கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் சொந்த அப்பாவின் தரவில் கோட்டை விட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம்.

தண்ணீர் எப்படி ஓடியது என்று விளங்க, அந்தக் காலத்துக் கணினிகள் நிறத்தை எப்படிக் கையாண்டன என்று தெரிய வேண்டும். உங்கள் கைபேசிப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தைத் தானே சுமக்கிறது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று மூன்று பைட். அமிகாவின் சாதாரணத் திரை ஐரோப்பாவில் 320க்கு 256 பிக்சல். மொத்தம் 81,920. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் கொடுத்தால் 2,45,760 பைட். அமிகா 500இன் முழு நினைவகமே 512 கிலோபைட். ஒரே ஒரு படம் பாதியை விழுங்கிவிடும். பிறகு கணினி எங்கே வேலை செய்வது?

ஆகவே வேறு வழி. முதலில் ஒரு சின்ன நிறப்பட்டியல், அதாவது பலெட். 4,096 நிறங்களுக்குள் உனக்குப் பிடித்த 32ஐத் தெரிவு செய், அவற்றுக்கு 0 முதல் 31 வரை எண் கொடு. படத்தில் ஒவ்வொரு பிக்சலும் நிறத்தைச் சொல்லாது, எண்ணை மட்டும் சொல்லும். 32 எண்களுக்கு ஐந்து பிட் போதும். படம் முழுவதும் 51,200 பைட்டில் அடங்கிவிடும். அதனோடு 96 பைட்டில் ஒரு பட்டியல்.

சின்ன வயதில் எண் போட்ட படத்துக்கு வர்ணம் தீட்டியிருப்பீர்கள். 1 என்றால் சிவப்பு, 2 என்றால் மஞ்சள். அதேதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பட்டியலில் 7ஆம் எண்ணை நீலத்தில் இருந்து பச்சைக்கு மாற்றினால், படத்தில் எங்கெல்லாம் 7 இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே கணத்தில் பச்சையாகிவிடும். ஒரு பிக்சலைக்கூடத் தொட வேண்டியதில்லை. இப்போது ஆற்றை நினைத்துப் பாருங்கள். அப்பா 20 முதல் 25 வரை ஆறு நீலங்களை எடுத்து, அந்த எண்களை அடுத்தடுத்த கோடுகளாகத் தண்ணீரில் வரைந்திருந்தார். டீலக்ஸ் பெயிண்டில் டாப் விசையை அழுத்தினால், பட்டியலில் அந்த ஆறு நிறங்களும் வட்டமாக இடம் மாறத் தொடங்கும். 20இன் நிறம் 21க்குப் போகும், 21இனுடையது 22க்கு, கடைசி நிறம் முதலாவதற்கு. பிக்சல்கள் அசையாமல் இருக்க, நிறம் ஓடும். பார்க்கிறவருக்குத் தண்ணீர் ஓடும்.

நிறச்சுழற்சி என்று இதைச் சொல்லலாம். 80களிலும் 90களின் தொடக்கத்திலும் கணினி விளையாட்டுகளில் அருவியும் நெருப்பும் மழையும் பெரும்பாலும் இப்படித்தான் உயிர் பெற்றன. மார்க் ஃபெராரி என்ற அமெரிக்க ஓவியர் இதில் பெரிய கெட்டிக்காரர். 256 நிறங்களில் அவர் வரைந்த சில நிலக்காட்சிகளில் பனி விழுகிறது, கடல் அலையடிக்கிறது. எல்லாம் ஒற்றைப் படம். தேடிப் பாருங்கள், பத்து நிமிடம் போவது தெரியாது.

அப்பாவின் படத்தை அந்தக் கடைக்காரர் ஜேபெக் ஆக்கியபோது என்ன நடந்தது? எண்கள் போயின. ஒவ்வொரு பிக்சலுக்கும் அந்தக் கணத்தில் இருந்த நிறம் மட்டும் எழுதப்பட்டது. 20ஆம் எண் என்ற ஒன்றே இனி இல்லை. சுழற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஏஐ அதற்கு மேல் வந்து, நின்றுபோன தண்ணீருக்கு அழகாக மெழுகு பூசியது.

"பழைய காலத்துப் பிக்சல் ஸ்டைல்" என்று இன்று பலர் சொல்வதைக் கேட்டால் எனக்கு ஒரு எரிச்சல் வரும். இன்ஸ்டாவில் ஒரு ஃபில்டர் போட்டால் உங்கள் முகம் கட்டம் கட்டமாக வரும், கீழே '8 பிட்' என்று எழுதியிருக்கும். விளையாட்டுக்குச் சரி. ஆனால் அந்தக் கட்டங்கள் ஒரு ஸ்டைலாகத் தொடங்கியவை அல்ல. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கணக்கும் ஒரு சமரசமும் இருக்கிறது.

பிரித்தானியாவில் 1982இல் வந்த ஸெட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். அதன் திரை 256க்கு 192. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஒரு பிட், உண்டா இல்லையா என்று. அதற்கு 6,144 பைட். நிறம் தனி. 8க்கு 8 பிக்சல் கொண்ட ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே ஒரு பைட், அதில் இரண்டே நிறம். 768 சதுரம், 768 பைட். மொத்தம் 6,912. இன்றும் ஒரு கோப்பு சரியாக 6,912 பைட் என்று கண்டால், பழைய ஆட்கள் திறக்காமலே சொல்லிவிடுவார்கள், அது ஸ்பெக்ட்ரம் படம் என்று. சிவப்பு மனிதன் பச்சை மரத்துக்கு முன்னால் நடந்தால் அவனைச் சுற்றியுள்ள சதுரம் முழுவதும் நிறம் மாறும். மரம் சிவப்பாகும், அல்லது மனிதன் பச்சையாவான். ஓவியர்கள் அதற்கு ஏற்றபடி மனிதனை எங்கே நிறுத்துவது, மரத்தை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள். கசெற்றில் இருந்து விளையாட்டு ஏறும்போது முதலில் கோட்டுருவம் மட்டும் வரும், மூன்று பகுதியாக, கோடு தாண்டிக் கோடாக. கடைசியில் அந்த 768 பைட்டும் வந்து சேரும்போது மேலிருந்து கீழாக நிறம் பூசிக்கொண்டு வரும். நிறம் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஐபிஎம் கணினியின் முதல் நிறத்திரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 320க்கு 200, நாலே நிறம். பெரும்பாலும் கறுப்பு, வெளிறிய நீலம், கத்தரிப்பூச் சிவப்பு, வெள்ளை. அதை யாரும் அழகுக்காகத் தெரிவு செய்திருக்க மாட்டார்கள் என்று துணிந்து சொல்வேன்.

கொமடோர் 64தான் உண்மையான சிக்கல். இதுவும் 1982. பதினாறு நிறம், மாற்ற முடியாதவை, சிப்புக்குள்ளேயே பொறிக்கப்பட்டவை. கோவாலா பெயிண்டர் என்ற மென்பொருளில் வரைந்த படம் 10,003 பைட். அதில் எண்கள் மட்டும்தான் இருக்கின்றன, பலெட் இல்லை. 4 என்றால் ஊதா என்று கோப்பு நம்பிக்கொண்டிருக்கிறது. எந்த ஊதா? அந்தச் சிப் சிவப்பு, பச்சை, நீலம் என்று கணக்குப் போடவில்லை. தொலைக்காட்சிக்கு வேண்டிய வெளிச்ச அளவையும் நிறக்கோணத்தையும் நேரே மின்சாரமாக அனுப்பியது. முதலில் வந்த சிப்புகளில் ஐந்தே வெளிச்சப் படிகள், பிறகு வந்தவற்றில் ஒன்பது. அதற்கு மேல் உங்கள் தொலைக்காட்சியின் குமிழை யார் எப்படித் திருகி வைத்தார்களோ அதைப் பொறுத்தது. இன்று கொமடோரைப் போல நடிக்கும் மென்பொருளில் "எந்தப் பலெட் வேண்டும்?" என்று ஒரு பட்டியலே கேட்கும். பெப்டோ என்ற பெயரில் அறியப்படும் ஒருவர் சிப்பின் மின்னளவுகளில் இருந்து கணக்குப் போட்டு ஒரு பலெட் தந்தார், பலர் அதையே நம்புகிறார்கள். பிறகு அவரே அதைத் திருத்தினார். எது அசல் நிறம் என்பதற்குக் கடைசி விடை கிடையாது. ஆனால் அந்த 10,003 பைட்டைக் காப்பாற்றி வைத்திருந்தால், நாளைக்கு இன்னும் நல்ல கணக்கு வரும்போது படம் தானாகவே திருந்தும். இன்று ஒரு பலெட்டை நம்பி ஜேபெக் ஆக்கினால், இன்றைய தவறு என்றைக்கும் நிற்கும்.

அமிகாவுக்கு வருகிறேன். அதன் படக்கோப்பின் பெயர் ஐஎஃப்எஃப். கேளிக்கை விளையாட்டுகள் செய்யும் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில், ஜெரி மொரிசன் என்பவர் 1985இல் வகுத்தார். ஆம், உங்கள் உதைபந்தாட்ட விளையாட்டைச் செய்யும் அதே கம்பனிதான். அதன் எண்ணம் மிக எளிது. கோப்பைத் துண்டு துண்டாக வை. ஒவ்வொரு துண்டின் தலையிலும் நாலு எழுத்துப் பெயர், பிறகு அதன் நீளம், பிறகு உள்ளடக்கம். அகல உயரத்துக்கு ஒரு துண்டு, நிறப்பட்டியலுக்கு ஒன்று, பிக்சல்களுக்கு ஒன்று. உனக்குத் தெரியாத பெயரில் ஒரு துண்டு வந்தால் குழம்பாதே, நீளத்தைப் பார்த்துத் தாண்டிப் போ.

தெரியாததைத் தாண்டிப் போ, அழிக்காதே. என் வேலையில் பார்க்கும் எத்தனையோ விலை உயர்ந்த மென்பொருள்களுக்கு இந்த அடக்கம் இன்றுவரை வரவில்லை. டீலக்ஸ் பெயிண்டை எழுதிய டான் சில்வா நிறச்சுழற்சிக்கு என்று ஒரு துண்டைச் சேர்த்தார். எந்த எண்ணில் இருந்து எந்த எண் வரை, எவ்வளவு வேகம் என்று அதற்குள் இருக்கும். வேகம் 16,384 என்றால் வினாடிக்கு 60 அடி. ஆறு ஓடாத மென்பொருள்கள் அந்தத் துண்டைத் தாண்டிப் போயின, படத்தைக் காட்டின. ஆறு ஓடும் இடத்தில் ஓடியது. இந்தத் துண்டு முறையைப் பின்பற்றித்தான் அப்பிளின் ஒலிக்கோப்பும் மைக்ரோசொப்டின் வேவ் கோப்பும் வந்தன. நீங்கள் தினமும் ஸ்கிரீன்ஷொட் எடுக்கும் பிஎன்ஜியும் துண்டு துண்டாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜிஃப் 1987இல் கொம்பியூசேர்வ் வெளியிட்டது. அதன் ஒவ்வொரு படமும் இன்றைக்கும் அதிகபட்சம் 256 நிறப் பலெட்டை வைத்துத்தான் ஓடுகிறது. பழைய கதை என்று நினைத்தது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது.

சரி, "யாருக்கு இதெல்லாம் வேண்டும்? பார்க்க நன்றாக இருந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். என் மச்சான் அதையேதான் கேட்டான். அவனுக்கு அண்டி வார்ஹோலின் கதையைச் சொன்னேன்.

1985 ஜூலை 23ஆம் தேதி நியூயோர்க் லிங்கன் சென்ரரில் அமிகாவை அறிமுகப்படுத்தினார்கள். மேடையில் அண்டி வார்ஹோல் பாடகி டெபி ஹரியின் உருவத்தை அந்தக் கணினியில் வரைந்து காட்டினார். பிறகு வீட்டிலும் ஓர் அமிகாவில் சிலவற்றை வரைந்து பார்த்தார். 1987இல் இறந்துபோனார். ஃப்ளொப்பிகள் பிட்ஸ்பேர்க் நகரில் அவருடைய பெயரில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றைப் படிக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. கோரி ஆர்க்கேஞ்சல் என்ற கலைஞர் அந்தப் பழைய அறிமுக விழாவின் வீடியோவைப் பார்த்துவிட்டு, இந்தப் படங்கள் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து மாணவர்களின் கணினிக் கழகம் களத்தில் இறங்கியது. ஃப்ளொப்பிகளை மிகக் கவனமாகப் படியெடுத்தார்கள். கோப்புகள் வெளிவராத ஒரு முன்னோட்ட மென்பொருளின் வடிவில் இருந்தன, அதையும் கட்டவிழ்த்தார்கள். 2014இல் படங்கள் வெளிவந்தன. சூப் டப்பா ஒன்று, தன் முகம், மூன்று கண் கொண்ட ஒரு வீனஸ்.

அதுவரை அழகான கதை. 2021இல் அவற்றில் ஐந்து படங்கள் கிறிஸ்டீஸ் ஏலத்தில் என்எஃப்டியாக விற்கப்பட்டன, மொத்தம் 30 லட்சம் டொலருக்கும் மேல். ஆனால் விற்கப்பட்ட கோப்பு 4,500க்கு 6,000 பிக்சல். அமிகாவில் வார்ஹோல் வரைந்தது 320க்கு 200. அதாவது அவர் வைத்த புள்ளிகள் 64,000, விற்கப்பட்டவை 2 கோடி 70 லட்சம். சுமார் 420 மடங்கு. கார்னெகி மெலன் பேராசிரியரான கோலன் லெவின் வெளிப்படையாக எதிர்த்தார், இது வார்ஹோல் செய்த கோப்பு அல்ல, பெரிதாக்கிய நகல் என்று. அவர் பக்கம்தான் நான். ஒரு ஓவியத்தைப் புகைப்படம் எடுத்து, போஸ்டராக அச்சடித்து, "இதுதான் அசல்" என்று விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள். டிஜிட்டல் என்று வந்ததும் ஏனோ எல்லாருக்கும் கண் மங்கிவிடுகிறது.

என் மச்சான் சொன்னான், "உன்ர அப்பா வார்ஹோல் இல்லையே." சரிதான். வார்ஹோலின் ஃப்ளொப்பியைத் தேடப் பல்கலைக்கழகமே வந்தது. அப்பாவின் ஃப்ளொப்பியைத் தேட நான்தான் இருக்கிறேன். அதுவே கூடுதல் காரணம்.

பெரிதாக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கன்வஸில் போடுங்கள், ரீஷேர்ட்டில் போடுங்கள். ஆனால் அது வேறு படம். வைக்கோலையும் ஓலை நரம்பையும் ஏஐ தன் கற்பனையில் இருந்து எடுத்தது. அது பார்த்த ஆயிரக்கணக்கான கூரைகளின் சராசரி அது. தொண்டைமானாற்றங்கரை வீட்டை அது பார்த்ததில்லை. பார்த்த ஒரே மனிதர் 32 நிறத்தில், தனக்கு ஞாபகம் இருந்ததை மட்டும் வைத்தார். ஞாபகம் இல்லாத இடத்தைத் தட்டையாக விட்டார். அந்தத் தட்டையும் ஒரு தகவல். அதை நிரப்பிவிட்டு "மேம்படுத்தினேன்" என்று சொல்லக் கூடாது.

நம் ஆட்களுக்கு இது புதிதும் அல்ல. உங்கள் அம்மா அப்பா பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம், ஊர்ச் சங்கத்து மலர், கலைவிழா அழைப்பிதழ் என்று எதையாவது பழைய கணினியில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கிறுக்கல் போல ஆங்கில எழுத்துகள் வரும். பாமினியில் 'தமிழ்' என்று எழுத ஆங்கில விசையில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி. கோப்பில் சேமிக்கப்பட்டது அந்த ஐந்து குறிகள்தான். தமிழ் இருந்தது எழுத்துருவில். எண் கோப்பில், நிறம் பலெட்டில் என்பதைப் போலவே. எழுத்துருவைத் தொலைத்தால் கடிதம் வெறும் குப்பை என்று தோன்றும், யாரோ அழித்தும் விடுவார்கள். அழிக்காதீர்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அசல் கோப்பு இருந்தால்தான் அவை உதவும்.

பிறந்தநாள் முடிந்த அடுத்த வாரம் நான் செய்தது இது. கடைக்காரர் ஃப்ளொப்பிகளைத் திருப்பித் தந்திருந்தார், நல்ல காலம். சாதாரணக் கணினியின் ஃப்ளொப்பிக் கருவியின் கட்டுப்பாட்டுச் சிப்பு அமிகா வட்டைப் படிக்காது. அமிகா தன் தடங்களை வேறு மாதிரி எழுதும். கிரீஸ்வீசல் என்ற ஒரு சின்னச் சுற்றுப்பலகை இருக்கிறது, விலை அதிகமில்லை. பழைய ஃப்ளொப்பிக் கருவியை அதில் இணைத்து, யூஎஸ்பியில் செருகினால் வட்டின் காந்தத் தடயத்தையே படியெடுக்கும். ஒவ்வொரு ஃப்ளொப்பியும் சரியாக 9,01,120 பைட் கொண்ட ஒரு கோப்பாக வந்தது. இரண்டு வட்டுகளில் சில தடங்கள் கெட்டுப்போயிருந்தன. வீட்டுப் படம் இருந்த வட்டு முழுதாக வந்தது. எதையும் திறந்து பார்ப்பதற்கு முன்பே மூன்று இடத்தில் நகல் வைத்தேன். வேலையில் மற்றவர்களுக்குச் சொல்வதைக் கடைசியில் வீட்டில் செய்தேன்.

பிறகு கோப்பைப் பைட் பைட்டாகப் பார்த்தேன். நிறச்சுழற்சித் துண்டு அங்கே இருந்தது, 20 முதல் 25. கடைக்காரரின் ஜேபெக்கில் மேகம் ஏன் அழுக்காகத் தெரிந்தது என்றும் விளங்கியது. அமிகா ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 15 வரைதான் அளவு வைக்கும். கோப்பில் அதைப் பதினாறால் பெருக்கி எழுதுவார்கள், ஆகவே முழு வெள்ளை 240 என்று இருக்கும். இன்றைய முழு வெள்ளை 255. மாற்றும் மென்பொருளுக்கு இது தெரியாவிட்டால் வெள்ளை சாம்பலாகும்.

இன்னொன்றும் கண்டேன். பட்டியலில் 14ஆம் நிறம் ஒரு செங்கல் சிவப்பு. ஆனால் 81,920 பிக்சலில் ஒன்றுகூட 14 இல்லை. அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"அது ஓட்டுக்கெண்டு வச்ச நிறம். முதல்ல ஓட்டு வீடாத்தான் கீறினன். பிறகு யோசிச்சன், நான் சின்னப் பெடியனா இருக்கேக்க அது கிடுகுக் கூரைதானே. பிறகுதான் அப்பு ஓடு போட்டவர். அதால மாத்திப்போட்டன்."

அப்பு என்றால் என் அப்பாவின் அப்பா. நான் அவரைக் கண்டதே இல்லை. அவர் கூரைக்கு ஓடு போட்ட கதை, எந்தப் பிக்சலிலும் இல்லாத ஒரு நிறத்தில் இருந்து வந்தது. கன்வஸ் படத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை நான் ஒருபோதும் கேட்டிருக்க முடியாது.

போன ஞாயிறு என் மடிக்கணினியில் அமிகாவைப் போல இயங்கும் மென்பொருளை ஏற்றி, டீலக்ஸ் பெயிண்டைத் திறந்து, அப்பாவுக்கு முன்னால் வைத்தேன். டாப் விசையை அவரே அழுத்தினார். ஆறு ஓடியது. அம்மா சமையலறையில் இருந்து வந்து பார்த்துவிட்டு, அந்தப் பனை அவ்வளவு கிட்ட இல்லை, இன்னும் அங்கால இருந்தது என்றா. இரண்டு பேரும் அதைப் பற்றி அரை மணி நேரம் வாக்குவாதப்பட்டார்கள்.

பிறகு அப்பா பலெட்டைத் திறந்து வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் குறைத்தார். அந்தப் பழைய தொலைக்காட்சியில் எல்லாம் வெளிறித் தெரிந்ததால் அப்போது கூடுதலாக வைத்துவிட்டாராம். "இப்பதான் சரி" என்றார். சேமிக்கப் போனபோது நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பழையதை அப்படியே விட்டு, புதியதை வேறு பெயரில் சேமித்தோம். அவர் வைத்த பெயர் 'வீடு 2'. பனையைத் தள்ளி வைத்து அம்மாவுக்கு 'வீடு 3' ஒன்று செய்ய வேண்டுமாம். அடுத்த ஞாயிறு போகிறேன்.